வரைபடத்தில் இல்லாத கிணறு

1

நான் இங்கே கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. கவுன்சில் என்றால் நம் ஊர் நகராட்சி மாதிரி. ஆஸ்திரேலியாவின் தெற்குக் கோடியில், மனிதர்களைவிட ஆடுகள் அதிகமாக வசிக்கும் ஒரு சிறு நகரம். அதன் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் பிரிவில் முன்பக்கக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கோழிக் கொட்டகை போடலாமா, வேலியை உயர்த்தலாமா, வாசலில் இருக்கும் மரத்தை வெட்டலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு வரைபடத்தைத் திறந்து காட்ட வேண்டும். உங்கள் மனை இந்த மண்டலத்தில் வருகிறது, எல்லையிலிருந்து இவ்வளவு இடம் விட வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று விளக்க வேண்டும். பிறகு அவர்கள் கோபித்துக்கொண்டால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் நான் எதையும் எழுதத் தொடங்கியதில்லை. இதிலும் விடுவதாக இல்லை. மாதனூர் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்து, சென்னையில் நகரத் திட்டமிடல் பட்டம் வாங்கி, உதவித்தொகையில் கடல் தாண்டி வந்து, வெள்ளைக்காரர்களிடம் அவர்கள் வீட்டுக் கோழி எங்கே படுக்கலாம் என்று சொல்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். கொஞ்சம் பெருமைப்பட்டால் தப்பில்லை.

சேர்ந்த முதல் மாதம் ஒருவர் கார் நிறுத்தும் கொட்டகைக்குப் படம் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக இருந்தது. "இப்படிக் கட்டலாமா?" என்று கேட்டார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவர் முகம் வாடிப்போய்ப் படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்துக் கொட்டகையை ஒரு மீட்டர் குறுக்கி வரைந்து, "இப்போதாவது?" என்று வந்து நின்றார். என் மேலதிகாரி மார்கரெட்டுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. ஆமாம், இல்லை இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்கிற அந்தக் கழுத்தை நீ விற்றால் கவுன்சிலே வாங்கிக்கொள்ளும் என்றார்.

இன்னொன்று, இங்கே பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினால் ஆட்சேபணை எழுதலாம். ஒரு பெண்மணி இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தார். தன் துணிக்கொடியின் மேல் மாலை மூன்று மணிக்கு நிழல் விழுமாம். மாதனூரில் பிறந்தவளுக்கு, நிழல் ஒரு குற்றமாக இருக்க முடியும் என்பது புரியவே ஆறு மாதம் ஆனது.

2

மூன்றாம் ஆண்டுக்காக மார்கரெட் கேக் வாங்கி வந்திருந்தார். மதியம், வெட்டப் போகும் நேரத்தில் அம்மாவின் அழைப்பு. அங்கே காலை ஏழரை. அம்மா கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அம்மா செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து முடித்த ஷூ ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக.

"பாப்பா, பேப்பர்ல ஒண்ணு போட்டிருக்கான். டீச்சரம்மா காட்டினாங்க," என்றாள். பின்னணியில் பஸ் உறுமியது. "நம்ம நெலத்துக்கு அந்தாண்ட இருக்கற டேனரிய பெருசாக்கப் போறானாம். கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டு ஜனங்க கருத்து கேக்கறாங்களாம். இன்னா பண்றதுன்னு உங்கப்பா கேக்கறாரு."

"அப்பாவா கேட்டார்?"

"கேக்கல. நேத்துலேருந்து கெணத்தங்கரையிலயே உக்காந்திருக்காரு. கேட்ட மாதிரிதானே அது."

எங்கள் நிலம் எண்பது சென்ட். அதன் கிழக்கு மூலையில் கிணறு. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் எங்கள் பக்கத்தில் பல கிணறுகள் உப்பாகிப்போய் ரொம்ப காலம் ஆகிறது. எங்கள் கிணறு மட்டும் என்ன காரணமோ இன்னும் நல்ல தண்ணீர் கொடுக்கிறது. அது போனால் எண்பது சென்ட்டும் போன மாதிரிதான். அப்பாவும் போன மாதிரிதான் என்று அம்மா சொல்லவில்லை. ஆனால் கிணற்றங்கரை என்று சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

"கவலப்படாதீங்க," என்றேன். "இது என் தொழில். நான் எழுதித் தர்றேன்."

மார்கரெட் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் படித்த படிப்பு நேராக எங்கள் வயலில் போய் இறங்கப் போகிறது. எனக்குள் ஏதோ ஊதிப் பெருத்தது. கேக் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

3

டீச்சரம்மா என்பவர் எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை. பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருந்த திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். தமிழ் என்று அட்டையில் எழுதியிருந்ததால்தான் அதைத் தமிழ் என்று ஒப்புக்கொண்டேன். 'உத்தேசத் திட்டப் பகுதியின் சுற்றளவில் உணர்திறன் மிக்க ஏற்பிகள் கண்டறியப்பட்டுள்ளன' என்று ஒரு வரி. டீச்சரம்மா கீழே பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். தூசியோ சத்தமோ நாற்றமோ போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் துறையில் ஏற்பி என்று பெயர். ஆகவே அது எங்கள் அம்மாவும் அப்பாவும் டீச்சரம்மாவும்தான். அவருக்கு அப்படியே பதில் போட்டேன். 'இத்தனை வருஷம் தலைமையாசிரியைன்னு நெனச்சிட்டிருந்தேன்' என்று எழுதினார்.

பின்னிணைப்பில் நிலப் பயன்பாட்டு வரைபடம் இருந்தது. பச்சை விவசாயம், சாம்பல் குடியிருப்பு, பழுப்பு தரிசு. எங்கள் நிலம் பழுப்பாக இருந்தது. கிணறு இல்லை. பார்த்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தச் சூட்டில் நான்கு மாலை உட்கார்ந்து பதினாலு பக்கம் எழுதினேன். எதையும் விடவில்லை. அடிப்படை நிலை ஆய்வின் போதாமை, மாற்றுத் திட்டங்களை ஒப்பிடாத குறை, ஒட்டுமொத்தப் பாதிப்புகள், தணிப்பு நடவடிக்கைகளின் தெளிவின்மை, இடைப்பட்டை மண்டலத்தின் அவசியம். தலைப்பு, துணைத்தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் இருந்தன. மார்கரெட்டிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தடிமனைப் பார்த்து, "துணிக்கொடி அம்மாளையே மிஞ்சிவிடுவாய்," என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டார்கள். அம்மா மூக்குக் கண்ணாடி போட்டு, பதினாலு பக்கத்தையும் மடியில் வைத்திருந்தாள். அப்பா பின்னால் சுவரோரம், பாதி முகம்தான் தெரிந்தது.

"டீச்சரம்மா முழுக்கப் படிச்சுக் காட்டினாங்க. நல்லா எழுதியிருக்க," என்றாள் அம்மா. பிறகு தாளை ஒருமுறை முன்னும் பின்னும் திருப்பினாள். "ஒண்ணு கேக்கட்டா? இதுல நம்ம கெணறு எந்தப் பக்கத்துல வருது?"

இருங்கள் என்று சொல்லிக் கணினியில் கிணறு என்று தேடினேன். ஒன்றுமில்லை என்றது. நம்பாமல் மறுபடியும் தேடினேன். 'நிலத்தடி நீர் ஆதாரங்கள்' எட்டு இடத்தில் இருந்தன. கிணறு ஓரிடத்திலும் இல்லை.

"அவங்களும் எழுதல. நீயும் எழுதல," என்றாள். கோபமில்லை. இடது பக்கம் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிற குரல். அது கோபத்தைவிட மோசம்.

அப்புறம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்க ஆரம்பித்தாள். நானும் பொறுமையாகப் பாடம் நடத்துகிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தணிப்பு நடவடிக்கைன்றியே, அது இன்னா?"

"பாதிப்பு வந்தா அத எப்படிக் கம்மி பண்றதுன்னு முன்னாடியே சொல்றதும்மா."

"ரீவொர்க்கு. கோணலாத் தெச்சுட்டுப் பிரிச்சுத் தெக்கறது. இந்த ஒட்டுமொத்தப் பாதிப்பு?"

"ஒரு டேனரியால வர்றது கொஞ்சமாத் தெரியும். ஆனா பக்கத்துல ஏற்கெனவே இருக்கறதையும் சேத்துப் பாத்தா..."

"தெரியும். ஒரு பீஸ்ல ஒரு நூல் பிரிஞ்சா வெட்டிட்டு அனுப்பிடலாம். எல்லாப் பீஸ்லயும் ஒரு நூல் பிரிஞ்சா பையர் கன்டெய்னரயே திருப்பி வுட்டுடுவான். அடிப்படை நிலைனா?"

"வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தண்ணி, மண்ணு, காத்து எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு அளந்து எழுதி வெக்கறது. அப்பதான் நாளைக்கு..."

"சீல் வெச்ச சாம்பிள்," என்றாள் அம்மா.

ஷூ கம்பெனியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பையர் என்கிற வெளிநாட்டு வியாபாரி ஒரே ஒரு ஷூவைப் பார்த்து ஒப்புக்கொண்டு, அதில் அட்டை கட்டி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அது லைன் என்கிற தையல் வரிசையின் தலைமாட்டில் தொங்கும். அதற்கு அப்புறம் தைக்கிற ஆயிரக்கணக்கான ஜோடிகளும் அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் நல்லது கெட்டது பார்க்கப்படும். அது இல்லையென்றால் எந்தப் பீஸையும் யாரும் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். ஒருமுறை யாரோ சாம்பிளை வேறு லைனுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். அது திரும்பி வரும்வரை ஒரு ஜோடியையும் பாஸ் பண்ண மாட்டேன் என்று அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றது அந்தக் கம்பெனியில் இன்னமும் பேசப்படுகிறது.

"நம்ம கெணத்துக்கு சாம்பிள் இல்ல பாப்பா," என்றாள். "நாளைக்கு உப்பாச்சுன்னா, ஆரம்பத்துலேருந்தே இப்படித்தான்னு சொல்லிட்டுப் போய்டுவான்."

நான் இரண்டு வருடம் முதுகலையில் படித்ததை அம்மா இரண்டு வரியில் முடித்துவிட்டாள். பின்னால் அப்பா எழுந்துபோய்க் கண்ணாடி பாட்டில் தேட ஆரம்பித்திருந்தார்.

5

கண்ணாடி பாட்டில் கிடைப்பது சுலபமாக இல்லை. முதலில் வந்தது ஊறுகாய் பாட்டில். முகர்ந்து பார்த்து அம்மா ரிஜெக்ட் செய்தாள். அடுத்து பக்கத்து வயல்காரர் நல்ல மூடியுடன் ஒன்று கொடுத்தார். ஆனால் அதில் முன்பு இருந்ததன் லேபிள் முழுசாகப் போகவில்லை. கலெக்டர் ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் முன்னால் அதை வைத்தால் கூட்டம் வேறு மாதிரிப் போய்விடும் என்று டீச்சரம்மா தடுத்தார். கடைசியில் மருந்துக் கடையில் சொல்லிவைத்துப் புது பாட்டில் மூன்று வாங்கினார்கள்.

என் படிப்பு சும்மா இருக்கவில்லை. நீரை ஆய்வுக்கு எடுக்க முறை இருக்கிறது, குளிரில் வைக்க வேண்டும், குறிப்பிட்ட நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், இந்த பாட்டிலை எந்த ஆய்வகமும் ஏற்காது என்று எடுத்துச் சொன்னேன்.

"இது டெஸ்டுக்கு இல்லடீ," என்றாள் அம்மா. "தொங்கவுடறதுக்கு."

அப்பா இறைத்தார். மெழுகு உருக்கி மூடியில் ஊற்றி, கழுத்தில் அம்மா பெயரில் அட்டை கட்டினார்கள். 'மல்லிகா வீட்டுக் கிணறு. நல்ல தண்ணி. குடித்துப் பார்த்தோம்.' கீழே டீச்சரம்மா கையெழுத்து, பக்கத்து வயல்காரர் கையெழுத்து. ஒன்று வீட்டில், ஒன்று பள்ளி அலமாரியில், ஒன்று கூட்டத்துக்கு.

6

கூட்டம் நடந்தது அங்கே காலையில். எனக்கு மாலை நான்கு மணி, அலுவலக நேரம். டீச்சரம்மா கைபேசியில் நேரலையாகக் காட்டினார். கவுன்டரில் ஆள் இல்லாததால் மார்கரெட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே இப்படிப்பட்ட கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். மேசையில் விளக்கு இருக்கும். சிவப்பு எரிந்தால் வாக்கியத்தின் நடுவில் வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டும். அங்கே மண்டபம் நிறைய நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளை உறையும் முதுகில் ரோஸ் ரிப்பனும். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார் மார்கரெட். முதலில் பேசியவர் உள்ளூர்ப் பிரமுகர். பத்து நிமிடம் கழித்து மார்கரெட், "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"இன்னும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்," என்றேன்.

பிறகு அம்மா மேடைப் பக்கம் போனாள். வேலை நாளில் லீவு போட்டு வந்திருக்கிறாள். அவள் கம்பெனிக்காரர்களும் பின்வரிசையில் இருக்கிறார்கள். மைக் முன்னால் அம்மா இதுவரை நின்றதில்லை.

"என் பேரு மல்லிகா. ஷூ கம்பெனில செக்கிங்," என்றாள்.

பின்னாலிருந்து ஒரு குரல். அவளுடைய சூப்பர்வைசர்தான். "இன்னாக்கா, டேனரி வேணாம்னா நம்ம லைனுக்குத் தோலு எங்கேருந்து வரும்?"

மண்டபம் சிரித்தது.

"வேணாம்னு யாரு சொன்னது? தோலு வந்தாத்தான் எனக்கும் சோறு. நான் சாம்பிள் குடுக்க வந்திருக்கேன். நீ உக்காரு தம்பி."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து அதிகாரி மேசைமேல் வைத்தாள். அறிக்கையைத் தயாரித்த ஆலோசகர், டை கட்டிய இளைஞர், பக்கத்தில் இருந்தார். அவர் புன்னகையோடு, "அம்மா, தண்ணி சாம்பிள் எடுக்கறதுக்குன்னு முறை இருக்கு. இது செல்லாது," என்றார். நான் சொன்ன அதே வார்த்தைகள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"செல்லாதா? சரி, எழுதிக் குடுங்க," என்றாள் அம்மா.

"என்ன எழுதணும்?"

"ரிஜெக்டுன்னு. காரணம் போட்டு, கீழ கையெழுத்து. எங்க லைன்ல காரணம் எழுதாம ஒரு பீஸயும் ஒதுக்க மாட்டோம்."

திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த அதிகாரி கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அட்டையை எடுத்துப் படித்தார். "இந்தக் கிணறு எங்க இருக்கு?"

"அவரு படத்துல காட்டச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

ஆலோசகர் வரைபடத்தை விரித்தார். சர்வே எண் என்ன என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று எண்ணைச் சொன்னார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அந்த எண்தான் என்று டீச்சரம்மா பிறகு சொன்னார். ஆலோசகரின் விரல் தேடிப்போய் நின்றது.

"இது தரிசுன்னு இருக்கு சார். நாங்க போனப்ப பயிர் இல்ல. கிணறும் பதிவாகல."

"வேர்க்கல்ல புடுங்கின மறுவாரம் வந்தீங்க," என்றார் அப்பா. மைக் இல்லாமலே அவர் குரல் கேட்டது. "வெயில்ல வந்தீங்க. தண்ணி கேட்டீங்க. நான்தான் அந்தக் கெணத்துலேருந்து எறச்சுக் குடுத்தேன். ரெண்டு சொம்பு குடிச்சீங்க."

மண்டபம் அடங்க ரொம்ப நேரம் ஆனது. ஆலோசகர் தலைகுனிந்துகொண்டார். பாவம், நல்ல பிள்ளைதான். ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கும் வேலையில் இப்படி நடந்திருக்கிறது. படிவத்தின் கட்டத்தில் அடங்காத எதையும் கண் பார்க்காது.

கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. படித்தார்கள். விரிவாக்கம் வேண்டும் என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள், வேலை கேட்டவர்கள், சாலை கேட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள். நடுவில் எங்கள் சர்வே எண்ணும் வந்தது. அங்கே உள்ள குடிநீர் மற்றும் பாசனக் கிணற்றை வரைபடத்தில் சேர்ப்பது, எந்தப் பணியும் தொடங்கும் முன் அதன் நீரையும் சுற்றியுள்ள கிணறுகளின் நீரையும் ஆய்வு செய்து முடிவை எழுத்தில் உரிமையாளரிடம் கொடுப்பது என ஆலோசகர் ஒப்புக்கொண்டதாகப் பதிவு. பாட்டில் பெற்றுக்கொள்ளப்பட்டதாகவும் ஒரு வரி. "இன்னொரு வாட்டி படிங்க," என்றார் அப்பா. படித்தார்கள்.

என் பதினாலு பக்கத்தையும் டீச்சரம்மா கொடுத்து முத்திரை வாங்கிவிட்டார். அதை யாரும் பிரித்த மாதிரித் தெரியவில்லை.

நான் மொழிபெயர்த்ததையெல்லாம் கேட்டிருந்த மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்ததாலா என்று கேட்கவில்லை. "உன் அம்மாவின் ஆட்சேபணை எத்தனை பக்கம்?" என்றார்.

"அது பக்கக் கணக்கில் இல்லை," என்றேன். "மில்லியில் இருக்கிறது."

7

விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று இதை எழுதும்வரை தெரியாது. கிடைக்கலாம். அதை முடிவு செய்கிற மேசை எங்கோ இருக்கிறது. ஆனால் போன வாரம் அதே ஆலோசகர் பெட்டி நிறைய பாட்டில்களோடு எங்கள் நிலத்துக்கு வந்தார். அம்மா அதற்கும் லீவு போட்டாள். அவர் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கப் போனபோது தடுத்திருக்கிறாள்.

"மொதல்ல டேக் எழுதுங்க தம்பி. அப்பறம் ரொப்புங்க. ரொப்பிட்டு எழுதினா எந்தக் கெணத்து தண்ணி எதுன்னு மாறிப்போய்டும்."

அவர் எழுதினார். பக்கத்துக் கிணறுகளுக்கும் அம்மாவே கூடப் போய் நின்று பார்த்தாளாம். சாயங்காலம் அவர் கிளம்பும்போது, எங்கள் ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறார்கள், வருகிறீர்களா என்று கேட்டதாகச் சொன்னாள். விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார். ஆனால் அம்மா அதை என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

கடைசியாக ஒரு படிவம் இருந்தது. கிணற்றின் ஆழம், நீர்மட்டம் எல்லாம் நிரப்பிவிட்டு, 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்துக்கு வந்தார். இரண்டு விரல் அகலக் கட்டம். விவசாயம்னு போட்டுக்கறேன் சார் என்று சொல்லியிருக்கிறார்.

"போட்டுக்குங்க," என்றிருக்கிறார் அப்பா. "அதோட வேர்க்கல்லன்னு போடுங்க. அப்பறம் கேவுரு. வரப்போரம் கனகாம்பரம். நாலு தென்ன. ரெண்டு மாடு குடிக்குது. குழாய்ல தண்ணி வராத நாள்ல மேலத்தெரு முழுக்க இங்கதான். பள்ளிக்கூடத்துப் பானைக்கு டெய்லி ரெண்டு கொடம். பசங்க நீச்சல் கத்துக்கறது இதுல. எம்பொண்ணு இதுலதான் கத்துக்கிச்சு. இப்ப வெளிநாட்ல கவர்மென்ட்டு ஆபீஸ்ல இருக்குது. அதயும் போடுங்க."

கட்டம் நிறைந்து, ஓரம் நிறைந்து, ஆலோசகர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். அம்மா பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தாள். பின்பக்கமும் முடிந்த பிறகு, அப்பா இன்னொரு தாள் கேட்டிருக்கிறார்.